எடை கூடிய சோப்பு

நான் தொட்டது தராசை. புராஜெக்ட்டை அல்ல. இந்த வித்தியாசத்தை என் மனைவிக்குப் புரியவைக்க ஒரு முழு நாள் முயன்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவளுக்குப் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் வேலை. ஒரு நாளைக்கு ஐந்நூறு பேர் சொல்லும் சாக்குகளைக் கேட்டுப் பழகியவளிடம் என் ஒரு சாக்கு எடுபடுமா?

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எனக்குத் தொழில் தராசு பழுதுபார்ப்பது. கடைகள், மருந்தகங்கள், பார்சல் அலுவலகங்கள் என்று எங்கெல்லாம் எடை மெஷின் இருக்கிறதோ அங்கெல்லாம் போய், சோதனைக் கற்களை வைத்துப் பார்த்து, பிசகியிருந்தால் திருத்திக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. அதனால் போகிற இடத்தில் கை சும்மா இருக்காது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால்கூட, குளியலறையில் இருக்கும் எடை மெஷினில் ஏறி இறங்கிவிட்டு, "இது ரெண்டு கிலோ கூட்டிக் காட்டுது" என்று சொன்ன பிறகுதான் உட்காருவேன். அந்த வீட்டு அக்காவுக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். என் மனைவிக்குத்தான் தலைகுனிவு.

எங்களுக்கு ஒரே மகள். நான்காம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பிலேயே உருவத்தில் சின்னவள் என்பதால் சுண்டு என்று கூப்பிடப்போய், அதுவே நிலைத்துவிட்டது. அவளுடைய பள்ளியில் வருடத்துக்கு ஒருமுறை சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் புராஜெக்ட் கண்காட்சி வைப்பார்கள். போன வருடம் சுண்டுவுக்காக நான் ஒரு காற்றாலை செய்துகொடுத்தேன். மோட்டார், பேட்டரி, விளக்கு எல்லாம் வைத்து, கடையில் வாங்கியதுபோல இருந்தது. அவள் செய்தது அதன்மேல் தன் பெயரை எழுதி ஒட்டியது மட்டும்தான். நடுவர் வந்து, "இதை நிப்பாட்டணும்னா என்னம்மா செய்யணும்?" என்று கேட்டார். பெற்றோரைத் தள்ளி நிறுத்தக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைச் சுண்டு பார்த்தாள். நடுவரும் என்னைப் பார்த்தார். நான் வெட்கமில்லாமல் ஒரு விரலை நீட்டி சுவிட்ச் இருக்கும் இடத்தைக் காட்டினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் அழவில்லை. "அடுத்த வருஷம் நான் பண்றதை நீங்க தொடக்கூடாது" என்றாள். தொடமாட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னேன்.

இந்த வருடம் அவளுக்குப் புராஜெக்ட் கிடைத்தது எங்கள் வீட்டுச் சண்டையிலிருந்து. கை கழுவிவிட்டு நான் சோப்பைத் தண்ணீர் தேங்கிய தட்டில் போட்டுவிடுகிறேன், அதனால்தான் வாரத்துக்கு ஒரு சோப்பு காணாமல் போகிறது என்பது என் மனைவியின் குற்றச்சாட்டு. தேய்த்தால்தான் சோப்பு கரையும், சும்மா கிடந்தால் கரையாது என்பது என் வாதம். வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த இந்த வழக்கை சுண்டு கையில் எடுத்தாள்.

ஒரே மாதிரி மூன்று சோப்புகள் வாங்கினாள். ஒன்றைத் தண்ணீர் தேங்கும் தட்டில் வைத்தாள். இன்னொன்றை ஓட்டை போட்ட தட்டில் வைத்தாள். மூன்றாவதை உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, ஒன்றும் செய்யாத ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வகுப்பு டீச்சர் சொன்னாராம். வீட்டில் யார் கை கழுவினாலும் இரண்டு சோப்பையும் சமமாகத் தேய்க்க வேண்டும், சுவரில் ஒட்டிய தாளில் கோடு போட வேண்டும். கோடு போட மறந்தால் கூப்பிட்டு விசாரிப்பாள். தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் மூன்று சோப்பையும் துணியால் ஒற்றி, சமையலறைத் தராசில் வைத்து, நோட்டில் எழுதுவாள். நான் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் தராசைக் கொஞ்சம் சாய்வான இடத்தில் வைப்பாள். எனக்கு உள்ளங்கை அரிக்கும். அப்படியும் நாக்கைக் கடித்துக்கொண்டு எட்டு நாள் தாக்குப்பிடித்தேன்.

எட்டாம் நாள் சனிக்கிழமை. மாலையில் மனைவி ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தராசின் மேல் வைத்துவிட்டு, டப்பா தேடிப் போனாள். எண் என் கண்ணில் பட்டது. கிலோவுக்குக் குறைந்து நின்றது. ஐம்பதோ அறுபதோ கிராம் குறைவு. நம் வீட்டில், என் கண்ணெதிரே, ஒரு தராசு பொய் சொல்கிறது. பையிலிருந்து சோதனைக் கல்லை எடுத்தேன், பொத்தானை அழுத்திப் பிடித்தேன், கல்லை வைத்தேன். இரண்டு நிமிட வேலை. சுத்தமாகத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு நடக்கப் போனேன். சோப்பு என் நினைவுக்கு வரவே இல்லை. சத்தியமாக வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்தபோது சுண்டு மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் நோட்டு, கையில் ரப்பர், மேசை முழுக்க ரப்பர் துகள்.

"என்னடா அழிச்சுக்கிட்டிருக்க?"

"தப்பா எழுதிட்டேன்."

எட்டிப் பார்த்தேன். தண்ணீர்த் தட்டுச் சோப்பின் எடை முதல் நாள் தொண்ணூற்று நான்கு. அப்புறம் நாளுக்கு இரண்டு மூன்றாகக் குறைந்து எட்டாம் நாள் எழுபத்து நான்கு. ஒன்பதாம் நாள் எழுபத்தாறு என்று எழுதியிருந்ததை அழித்து எழுபத்தொன்று என்று போட்டிருந்தாள். பத்தாம் நாள் எண்ணின் மேல் ரப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"சோப்பு எப்படிப்பா வெயிட் கூடும்? நான்தான் சரியா பாக்கல. ரெண்டு தடவ வெச்சுப் பார்த்தேன், அப்பவும் தப்பாதான் பார்த்திருக்கேன்" என்றாள். சொல்லும்போது குரல் உடைந்தது.

ஒன்பது வயதுப் பிள்ளை, தன் கண்ணால் இரண்டு முறை பார்த்ததைத் தன் தப்பு என்று நினைத்து அழித்துக்கொண்டிருக்கிறது. என் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் இல்லை. பார்த்த எண்ணை அழித்து, பார்க்காத எண்ணை எழுதினான் என்பதற்காக என் முதலாளி ஒரு மெக்கானிக்கை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இங்கே அதை என் மகளைச் செய்ய வைத்ததே நான்தான். அதை அவளிடம் சொல்லாமல் நேராகச் சமையலறைக்குப் போய் மனைவியிடம் குசுகுசுவென்று சொன்னேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். "போய் அவகிட்ட சொல்லுங்க. நீங்க சொல்லலேன்னா நான் சொல்வேன். நான் சொன்னா இன்னும் மோசமா இருக்கும்."

போய்ச் சொன்னேன். சனிக்கிழமை தராசைத் திருத்தியதைச் சொன்னேன். அதுவரை குறைத்துக் காட்டியது, இப்போது சரியாகக் காட்டுகிறது, நீ பார்த்தது எல்லாம் சரிதான் என்றேன். கேட்டுவிட்டு மகிழ்ந்துபோவாள் என்று ஒரு ஓரத்தில் நினைத்தேன். நினைப்புதான்.

சுண்டு ரப்பரைக் கீழே வைத்தாள். நோட்டை மூடி என் பக்கம் தள்ளினாள்.

"இது இப்ப உங்க புராஜெக்ட். நீங்களே கொண்டு போங்க. நான் வரல."

எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நான் விடவில்லை. வேலை செய்யும் இடத்திலிருந்து பெரிய மெஷினைக் கொண்டுவருகிறேன் என்றேன். புதுசாக மூன்று சோப்பு வாங்கி ஆரம்பிக்கலாம் என்றேன். டீச்சரிடம் நானே பேசுகிறேன் என்றேன். நான் ஒவ்வொன்று சொல்லச் சொல்ல அவள் போர்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள். கடைசியில் தலை முழுவதும் மறைந்துவிட்டது.

"உங்களுக்கு ஒரு தடவ சொன்னா போதாதா?" என்று மனைவி என்னை வெளியே இழுத்தாள். "எதையாவது பண்ணி சரி பண்ணிடறேன்னுதான் இத்தனையும் ஆச்சு. கொஞ்சம் சும்மா இருங்க."

அதற்குத்தான், நான் தொட்டது தராசை என்ற என் வாதத்தை ஆரம்பித்தேன். அது எங்கே போய் முடிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை காலையில் அவள் எடை பார்க்கவில்லை. தராசைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பள்ளிக்குப் போய்விட்டாள். நான் ஒரு மருந்தகத்துக்கு வேலைக்குப் போனேன். எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு கட்டம் உண்டு. கை வைப்பதற்கு முன்னால் என்ன காட்டியது என்று ஒன்றில் எழுத வேண்டும், திருத்திய பிறகு என்ன காட்டுகிறது என்று மற்றதில். முதல் கட்டத்தை நிரப்பாமல் திருகாணியைத் தொடுகிறவன் மெக்கானிக்கே இல்லை என்று புதிதாக வருகிறவர்களிடம் நான் பெரிதாகப் பேசுவேன். என் வீட்டுத் தராசுக்கு அந்த முதல் கட்டம் எங்கே? ஐம்பதோ அறுபதோ. மருந்தகத்து அம்மா, "என்ன சார், எழுதாம பேனாவையே பார்த்துட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. சுண்டு கண்காட்சிக்குப் போகாமல் இருந்துவிடுவாளோ, இனி எதையும் எண்ணிப் பார்க்காமலே இருந்துவிடுவாளோ என்ற பயம்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால், சுண்டு அதே மேசையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

"அப்பா, தராசு எவ்ளோ கம்மியா காட்டுச்சு?"

"சோப்புக்கா? அஞ்சு, ஆறு கிராம் இருக்கும். ஏறக்குறைய."

"ஏறக்குறையன்னா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இந்தச் சொல்லை என்னிடம் வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன்.

"எழுதி வெக்கலடா. எழுதியிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

"ஆறு" என்றாள் அவள். "நான் கண்டுபிடிச்சிட்டேன்."

நோட்டைத் திருப்பிக் காட்டினாள். உறை பிரிக்காத சோப்பின் பக்கம் அது. அதையும் விடாமல் தினமும் எழுதியிருக்கிறாள். முதல் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை தொண்ணூற்றாறு, தொண்ணூற்றாறு என்று ஒரே எண். ஒன்பதாம் நாளிலிருந்து நூற்றிரண்டு.

"இதை யாரும் தேய்க்கல. பிரிக்கவே இல்ல. இது எப்படி ஆறு கிராம் ஏறும்? அப்ப ஏறினது சோப்பு இல்ல, தராசு. அதனால எட்டு நாளைக்கும் ஆறு ஆறு கூட்டிக்கிட்டா சரியா போகும்."

நான் எழுதாமல் விட்ட முதல் கட்டத்தை இவள் எட்டு முறை எழுதி வைத்திருக்கிறாள். எனக்கு அப்படியே அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல இருந்தது. ஆனால் அவள் முகத்தில் இன்னும் கோபம் மிச்சமிருந்தது. தூக்கவில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அவள் சொன்னது முழுக்கச் சரியில்லை. கிலோவுக்கு ஐம்பது அறுபது குறைத்துக் காட்டும் தராசு, நூறு கிராமுக்கு ஆறு குறைத்தால், ஐம்பது கிராமுக்கு மூன்றுதான் குறைக்கும். கரைந்துபோன சோப்புக்கும் அதே ஆறைக் கூட்டினால் கொஞ்சம் அதிகமாகிவிடும். இது என் நாக்கு நுனியில் வந்து நின்றது. வாயைத் திறந்தேன். சமையலறை வாசலில் நின்ற மனைவி என்னைப் பார்த்த பார்வையில் திறந்த வாயை மூடிக்கொண்டேன். "பசிக்குது" என்று சொல்லி வைத்தேன்.

வியாழனும் வெள்ளியும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சுண்டு மறுபடியும் எடை பார்த்தாள். அழித்த எண்களைத் திரும்ப எழுதினாள். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்திருந்தது. பெரிய அட்டையில் எல்லாவற்றையும் எழுதினாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

சனிக்கிழமை கண்காட்சி. பள்ளிக்கூடத்தில் மேசைகளை வரிசையாகப் போட்டு, குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் அப்பா அம்மாக்கள். சுண்டுவுக்குப் பக்கத்து மேசையில் சுழலும் கிரகங்கள், விளக்குகள், ரிமோட். அந்தப் பையனின் அப்பா என் தோளை இடித்துக்கொண்டு நின்று, மகனுக்கு வலப்பக்கம் தள்ளு, இடப்பக்கம் தள்ளு என்று கையால் சைகை செய்துகொண்டிருந்தார். போன வருட என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. அவர்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

சுண்டுவின் மேசையில் மூன்று சோப்பும் ஒரு அட்டையும்தான். அன்றுதான் அட்டையை முழுதாகப் படித்தேன். ஒன்பதாம் நாளுக்கு நேராக, "இதற்கு முந்தின நாள் அப்பா தராசைச் சரிசெய்தார். என்னிடம் கேட்கவில்லை" என்று எழுதியிருந்தது. பன்னிரண்டாம் நாளுக்கு நேராக, "எடை பார்க்கவில்லை. கோபமாக இருந்தேன்." ஊரே படிக்கும்படி கொட்டை எழுத்தில். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

நடுவர் ஒரு நடுத்தர வயது அம்மா. பெரிய பள்ளியில் வேதியியல் டீச்சராம். கிரகங்களை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு சுண்டுவிடம் வந்தார். அட்டையை மேலிருந்து கீழ்வரை படித்தார். பன்னிரண்டாம் நாளில் அவர் உதடு லேசாக விரிந்தது. உறை போட்ட சோப்பு எதற்கு என்று கேட்டார். சுண்டு சொன்னாள். முதலில் குரல் எழும்பவில்லை. போகப் போகத் தெளிந்தது. ஆறு எப்படி வந்தது என்பதைச் சொல்லும்போது இரண்டு கையையும் ஆட்டிப் பேசினாள்.

நடுவர் விரலைத் தண்ணீர்த் தட்டுச் சோப்பின் எண்களின் மேல் ஓட்டினார். எட்டாம் நாளில் நிறுத்தினார்.

"ஆறு கூட்டின பிறகு இங்க எண்பது. அடுத்த நாள் எழுபத்தாறு. மத்த நாள் எதுலயும் மூணுக்கு மேல குறையல. இங்க மட்டும் ஏன் நாலு?"

பதில் எனக்குத் தெரியும். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சுண்டு என் பக்கம் திரும்பவே இல்லை. அட்டையைப் பார்த்தாள், உறை போட்ட சோப்பைக் கையில் எடுத்தாள், கரைந்துபோன சோப்பைப் பார்த்தாள்.

"தெரியல" என்றாள். "ஆறுன்னு நான் இந்தப் பெரிய சோப்ப வெச்சுத்தான் பார்த்தேன். சின்ன சோப்புக்கும் தராசு ஆறுதான் தப்பு பண்ணுச்சான்னு பாக்கல. வேற மாதிரி இருக்கலாம். பாக்கணும்."

நடுவர் தலையாட்டினார். "பாரு. பார்த்துட்டு எனக்கும் சொல்லு" என்று சொல்லி, தன் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. என் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற கிரகத்து அப்பா, "என்ன சார், மார்க் குறைச்சிட்டாங்களா?" என்று அனுதாபமாகக் கேட்டார்.

சுண்டு மேசையை விட்டு நேராக என்னிடம் வந்தாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவளாக என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

"அப்பா, நம்ம தராசைத் திரும்பப் பழையபடி தப்பா காட்ட வைக்க முடியுமா?"

"தப்பாவா?"

"ஆமா. அப்பத்தான் சின்ன சோப்ப வெச்சு எவ்ளோ தப்புன்னு பாக்க முடியும். பெரிய சோப்புக்கு தொண்ணூத்தாறு காட்டணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தராசைப் பிசகாக்கிக் கொடு என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. யாராவது கேட்டிருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருப்பேன். மனதுக்குள் கணக்கு தானாக ஓடியது. திருத்தும்போது மெஷின் ஒரு கிலோ கல்லைக் கேட்கும்; அப்போது அறுபத்துச் சொச்சம் கிராம் கூட வைத்தால் போதும், அதையே ஒரு கிலோ என்று நம்பி எல்லாவற்றையும் குறைத்துக் காட்டும்.

"முடியும். ஆனா அதுக்கு நான் அதைத் தொடணுமே" என்றேன்.

"தொடுங்க" என்றாள் சுண்டு. "நான்தான் சொல்றேன்ல."

"பரிசு சொல்ல இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்றாள் மனைவி.

"அதுக்குள்ள வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாமாம்மா?"

வீடு பத்து நிமிட நடை. மனைவி என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கைப்பையைத் தோளில் மாட்டினாள். சுண்டு திரும்ப ஓடிப்போய் மேசையிலிருந்து மூன்று சோப்பையும் நோட்டையும் அள்ளிக்கொண்டு வந்தாள். கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன். அவள் அதன் அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தாள்.